வடசென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பதிவேடுகளும் வலைத்தளமும்: எங்கே கை வைப்பது?

பெரம்பூர் சோதனையாளர் எழுதியது:

வணக்கம். காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் ஒரு சிறு தொண்டு நிறுவனத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உதவி வருகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. மீனவர்கள், துறைமுகச் சுமைதூக்கும் தொழிலாளர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பாடம் நடத்துவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால், “ஐந்தாம் வகுப்பில் உங்களிடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு முடித்தார்கள்?” என்று ஒரு நன்கொடையாளர் கேட்டபோது அலுவலகமே திகைத்துப்போனது. பதில் இல்லாமல் இல்லை. அது பீரோவுக்குள், மையத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று என்று அடுக்கிய நோட்டுகளில் சிதறிக் கிடக்கிறது.

கம்ப்யூட்டரில் இருப்பவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் தட்டச்சு செய்த எக்செல் கோப்புகள். ஒன்றில் பெயர்கள் ஆங்கிலத்தில், ஒன்றில் பழைய வானவில் எழுத்துருவில், ஒன்றில் ஒருங்குறியில், அதாவது யூனிகோடில். வலைத்தளமும் உண்டு. கட்டிக்கொடுத்த இளைஞர் வெளிநாடு போய்விட்டார். கடவுச்சொல் யாரிடமும் இல்லை. முகப்பில் இன்றும் 2016 வர்தா புயல் நிவாரண அறிவிப்புதான் நிற்கிறது.

நிர்வாகக் குழு “ஒரு செயலி செய்து கொடுங்கள்” என்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் நோட்டை ஒழுங்காக்க வேண்டும், பிறகு கோப்பை, அதன் பிறகுதான் மற்றதெல்லாம் என்று நினைக்கிறேன். இத்தகைய அமைப்புகளில் உள்ளே இருந்து வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசர்பாடி நிரலாளர் எழுதியது:

எனக்கு மாற்றுக் கருத்து. நோட்டு, எக்செல் என்றே போனால் பத்து ஆண்டு கழித்தும் இதே கேள்விக்கு இதே திகைப்புதான் மிஞ்சும். எங்கள் பகுதியிலேயே கல்லூரி முடித்து வேலை தேடும் பிள்ளைகள் செயலி எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது அனுபவம். ஆசிரியர் வருகையைத் தொடுதிரையில் குறித்தால் அன்றிரவே அலுவலகத்தில் எண்ணிக்கை தெரியும். மணலி, எண்ணூர் ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியை (சிஎஸ்ஆர்) கேட்டுப் போகும்போது வரைபடங்களோடு போனால் மதிப்பே வேறு. ஏழைகளுக்காக நடக்கும் அமைப்பு என்றால் கருவிகளும் ஏழைத்தனமாகத்தான் இருக்க வேண்டுமா?

காசிமேடு மைய ஆசிரியை எழுதியது:

நான் இதே நிறுவனத்தின் மையம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். கடைசிக் கேள்வியில் உள்ள அக்கறை புரிகிறது, தம்பி. ஆனால் எங்கள் மாலைப்பொழுது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். முதல் வகுப்புக் குழந்தையும் பத்தாம் வகுப்பு மாணவியும் ஒரே கூடத்தில். ஒருத்திக்குப் பென்சில் இல்லை, ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனின் அப்பா வாசலில் நின்று சத்தம் போடுகிறார். இதற்கு நடுவே வருகையை நோட்டில் குறிக்க இரண்டு நிமிடம் ஆகிறது. முன்பு ஒரு நிதியுதவியாளர் எங்களுக்கு ஒரு செயலி கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டுக் கூரை வகை முதல் தாயின் வருமானம் வரை கேட்டது. நெட்வொர்க் இல்லாவிட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்களில் பலருக்குச் சொந்த போன் கிடையாது, மகனுடையதோ கணவருடையதோதான். திட்டம் முடிந்ததும் செயலி நின்றது; நாங்கள் உள்ளே போட்ட ஒரு வரிகூடத் திரும்பி வரவில்லை. நோட்டு மட்டும் எங்களிடமே இருந்தது.

அதனால் நோட்டே போதும் என்று நான் சொல்லவில்லை. நோட்டிலும் எனக்குத் தீராத சிக்கல்கள் உண்டு. ஒரு குடும்பத்தைக் குடியிருப்பு ஒதுக்கித் தென்கோடியில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை மட்டும் ஆறு மாதம் கழித்துப் பாட்டி வீட்டுக்கு வந்து, மீண்டும் என்னிடமே சேர்ந்தான். புதிய வரிசை எண் கொடுத்தேன். கணக்கில் ஒருவன் நின்றுவிட்டான், வேறொருவன் புதிதாகச் சேர்ந்தான் என்று ஆகிவிட்டது. இரண்டும் ஒரே பிள்ளை. மற்றொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் வருமானம் இல்லாத அந்த நாட்களில் பெரிய பையன்கள் கிடைத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த வருகைக் குறைவை அலுவலகத்தில் பார்ப்பவர்கள் ‘மையம் சரியாக நடக்கவில்லை’ என்று படித்துக்கொள்கிறார்கள். காரணத்தை எழுத நோட்டில் இடம் இல்லை. இந்த இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை தரவாளர் எழுதியது:

அக்கா சொன்ன இரண்டிலேயே பாதி வடிவமைப்பு வந்துவிட்டது.

பிள்ளைக்கு ஓர் எண். அதை நிறுவனம் ஒருமுறை கொடுக்கும், பிறகு ஒருநாளும் மாற்றாது. மையத்தின் பெயர், சேர்ந்த ஆண்டு, வகுப்பு எதையும் அந்த எண்ணுக்குள் திணிக்காதீர்கள். ‘கா’ என்று தொடங்கும் எண்ணைக் காசிமேட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தால், அவன் எண்ணூருக்குப் போகும்போது எண்ணும் மாறும். அங்கேதான் ஒரு பிள்ளை இரண்டு பிள்ளைகளாகிறான். வெறும் வரிசை எண் போதும். பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்குக் கொடுக்கும் எமிஸ் எண் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு அது இருக்காது, நமக்கு முக்கியமான பிள்ளையே அவன்தான்.

பிள்ளைகள் ஒரு ஷீட். சேர்க்கையும் விலகலும் இன்னொரு ஷீட்: எண், மையம், சேர்ந்த தேதி, சேர்ந்தபோது படித்த வகுப்பு, விலகிய தேதி, காரணம். பெரும்பாக்கம் போய்வந்த பையனுக்கு முதல் ஷீட்டில் ஒரு வரி, இரண்டாவதில் இரண்டு வரிகள். நன்கொடையாளர் கேட்ட கேள்விக்கு இந்த இரண்டு ஷீட்டுகளே விடை சொல்லிவிடும். காரணத்துக்குத் தட்டச்சு வேண்டாம். பத்தாம் வகுப்பு முடித்தது, குடிபெயர்வு, வேலை, உடல்நலம், வீட்டுப் பொறுப்பு, தெரியவில்லை என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் வையுங்கள். ‘தெரியவில்லை’ என்பது கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆசிரியர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார், பிறகு அதை உண்மை என்று நம்பி நாம் அறிக்கை எழுதுவோம்.

அடுத்து பெயர்கள். தமிழில் தேடும்போது கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கம்ப்யூட்டருக்கு ஒன்றாக இருக்காது. ‘கோ’ என்பதை ஓகாரக் குறி ஒன்றாலும் எழுதலாம். ஏகாரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக அடித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம், உள்ளே வேறு வேறு எண்கள். ‘ஸ்ரீ’ அதைவிட மோசம். ஒருங்குறியில் இரண்டு வழிகளில் அமைகிறது. நம் பகுதியில் எத்தனை பிள்ளைகளின் பெயரில் ஸ்ரீ இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! ஒரே பெயரை இருமுறை பதிந்திருந்தும் எக்செல் ‘ஒத்தவை இல்லை’ என்று சொன்னால் இதுதான் காரணமாக இருக்கும். இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும். தலைப்பெழுத்தைத் தனி நெடுவரிசையில் வையுங்கள். பெயருக்கு முன்னும் பின்னும் புள்ளியோடும் இடைவெளியோடும் அது அலைவதைத் தடுக்க வேறு வழி இல்லை.

முகவரி வடசென்னைக்கே உரிய தலைவலி. பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள். பழைய பதிவுகளில் எண்ணூர்ப் பிள்ளைகளுக்குக் ‘கத்திவாக்கம் நகராட்சி, திருவள்ளூர் மாவட்டம்’ என்று இருக்கும். 2011ல் அது சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, 2018ல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. மாவட்டவாரியாக எண்ணினால் அந்த ஆண்டில் திருவள்ளூரில் பிள்ளைகள் காணாமல்போய்ச் சென்னையில் முளைத்ததுபோல் தெரியும். மாநகராட்சி மண்டலம் என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, பழைய பதிவுகளுக்கும் இன்றைய மண்டலத்தையே நிரப்புங்கள்.

திருவொற்றியூர் வாசகர் எழுதியது:

வானவில் கோப்பை என்ன செய்வது? எங்கள் சங்கத்திலும் அதே நிலை. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிகின்றன.

கொருக்குப்பேட்டை தரவாளர் எழுதியது:

அதை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டாம். தமிழ்நாடு அரசு 2010ல் ஒருங்குறியையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவிப்பதற்கு முன்பு ஆளுக்கொரு குறியீடு என்பதே நடைமுறை. எனவே மாற்றிக் கொடுக்கும் இலவசக் கருவிகள் பல உண்டு. மூலக் கோப்பை நகல் எடுத்துவிட்டு, பெயர் நெடுவரிசையை மட்டும் மாற்றுங்கள். மொத்தக் கோப்பையும் மாற்றினால், இடையில் ஆங்கிலத்தில் எழுதிய பள்ளிப் பெயர்கள் அர்த்தமற்ற தமிழாகிவிடும். முடித்தபின் அந்தப் பிள்ளைகளை அறிந்த ஆசிரியர் ஒருவர் பட்டியலை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருங்குறியில் சேமித்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு) எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள். தரவை உள்ளே கொண்டுவரும் வசதியின் வழியாக, யுடிஎஃப் 8 என்ற ஒருங்குறி வடிவத்தைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாகிவிடும். வங்கிக் கணக்கு எண் நெடுவரிசையை முதலிலேயே ‘உரை’ என்று அமைத்துவிடுங்கள். எண்ணாக விட்டால் முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் தின்றுவிடும், 15 இலக்கங்களுக்கு மேல் போனால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். உதவித்தொகை வேறு ஒருவர் கணக்குக்குப் போக இது ஒன்று போதும்.

மண்ணடி கணக்கர் எழுதியது:

பிள்ளைகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். நன்கொடைப் பதிவேடு இதைவிட அவசரம், ஏனென்றால் அதற்குக் கெடு தேதி உண்டு.

நன்கொடையாளருக்கு வருமான வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு பெற்ற நிறுவனம் 2021-22 நிதியாண்டு முதல் ஒவ்வொரு நன்கொடையாளரின் பெயர், முகவரி, பான் போன்ற அடையாள எண், தொகை, செலுத்திய முறை ஆகியவற்றை வருமான வரித் துறையிடம் 10பிடி படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நிதியாண்டு முடிந்தபின் மே 31 கடைசி நாள். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். தாக்கல் செய்த பிறகு கிடைக்கும் 10பிஇ சான்றிதழ் இல்லாமல் நன்கொடையாளர் வரிக்கழிவு கேட்க முடியாது. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், பிரிவு எண்ணையும் படிவ எண்ணையும் தணிக்கையாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தேவைப்படும் விவரங்களை ரசீது எழுதும்போதே வாங்கிவிட வேண்டும். மே மாதத்தில் ஒவ்வொருவரையும் போனில் பிடித்துப் பான் எண் கேட்பது அவமானமான வேலை. ஒருவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு 80ஜி சலுகை இல்லை என்பதையும் ரசீது புத்தகத்திலேயே அச்சிடுங்கள்.

வலைத்தளத்தில் நன்கொடைப் பொத்தான் வைக்கப் போகிறவர்கள் ஒருகணம் நில்லுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கக் கூடாது. துபாயில் வேலை செய்யும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் தம் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவருடைய அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்றால், இங்கேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்புதான். பொத்தானை அழுத்துபவர் யார் என்று பொத்தானுக்குத் தெரியாது. ஆகவே ‘நான் இந்தியக் குடிமகன்’ என்ற உறுதிமொழி இல்லாமல் பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போகவே விடாதீர்கள், வெளிநாட்டு அட்டைகளையும் அடைத்துவிடுங்கள்.

ராயபுரம் வலைவடிவமைப்பாளர் எழுதியது:

வலைத்தளத்தில் அழகு எல்லாம் கடைசி. டொமைன், அதாவது வலைத்தள முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வெளிநாடு போன இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், அவரைத் தேடிப் பிடித்து, நிறுவனத்தின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றி வாங்குங்கள். புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருக்குத்தான் போகும். அவர் கவனிக்காமல் விட்டால், காலாவதியான பெயரை வேறு யாரோ வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் போடுவார்கள். குழந்தைகள் நிறுவனத்தின் பெயரில் அப்படி ஒரு பக்கம் திறப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த நிர்வாகி கண்கலங்கிவிட்டார். புதிய கடவுச்சொற்களை நிர்வாகக் குழுவில் இரண்டு பேர் வைத்திருக்க வேண்டும். தன்னார்வலர் யாருக்கும் ‘உரிமையாளர்’ தகுதி வேண்டாம், எனக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

உள்ளடக்கம் ஐந்து பக்கம் போதும். தமிழ்ப் பக்கம்தான் முதலில் திறக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்க வரும் தாய் பார்க்கப்போவது மையம் எங்கே, எத்தனை மணிக்கு, யாரைக் கூப்பிடுவது, கட்டணம் உண்டா என்ற நான்கையும்தான். சமூகப் பொறுப்பு நிதி தருபவர் பார்ப்பது சங்கப் பதிவு எண், வருமான வரி விலக்குக்கான 12ஏ பதிவு, 80ஜி, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்பண் அடையாள எண், சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர் 1 பதிவு எண், தணிக்கை செய்த கணக்கு, ஆண்டறிக்கை. 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர் 1 பதிவு இல்லாமல் அந்த நிதியை வாங்கவே முடியாது. இவை ஒரே பக்கத்தில் இருந்தால் வரைபடங்களைக் காட்டிலும் அதிகம் நம்பிக்கை வரும் என்று வியாசர்பாடித் தம்பிக்குச் சொல்வேன்.

படங்கள்: போனில் எடுத்ததை அப்படியே ஏற்றாதீர்கள். எடை ஒரு பக்கம் இருக்கட்டும், படம் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு கோப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கலாம். சீருடையில் பள்ளிப் பெயர், கீழே குழந்தையின் பெயர், உள்ளே இருப்பிடம் என்றால் அந்தக் குழந்தையைத் தேடி வர நாமே வழி சொல்கிறோம். கைகள், கரும்பலகை, நோட்டு, பின்னால் இருந்து எடுத்த வகுப்பறை ஆகியவை போதும்.

வியாசர்பாடி நிரலாளர் எழுதியது:

செயலியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். அக்காவின் போன் விஷயம் எனக்கு உறைத்தது. ஆனால் ஷீட் என்றால் பத்திரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘இணைப்பு உள்ளவர் எவரும் பார்க்கலாம்’ என்று பகிர்ந்த கூகுள் ஷீட்டுகள் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன தெரியுமா? சிறுமிகளின் பெயர், வீட்டு முகவரி, தாயின் போன் எண் எல்லாம் அதில் இருக்கும். செயலியில் யாருக்கு எது தெரிய வேண்டும் என்று பிரித்துவைக்க முடியும். ஷீட்டில் அது கடினம். இதற்குப் பதில் சொல்லாமல் ஷீட் போதும் என்று முடித்துவிடாதீர்கள்.

உயர் நீதிமன்ற வளாகத்தார் எழுதியது:

மிகச் சரியான ஆட்சேபம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின், சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். இந்தக் கடமைகளில் தவறினால் தண்டத்தொகை 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, பெரும்பாலான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். தொண்டு நிறுவனம் என்பதால் மட்டும் விலக்கு கிடைக்காது.

எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதைப் பதியாமல் இருக்கலாம் என்பதே. ஆதார் நகல் எதற்கு? மாலை வகுப்பு நடத்த அது தேவையில்லை. கோப்பில் இருக்கும் பழைய நகல்களைக் கிழித்து அழியுங்கள். மதம் வேண்டாம். சாதி?

காசிமேடு மைய ஆசிரியை எழுதியது:

சாதி வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது, ஐயா. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது சாதிச் சான்றிதழ் இல்லாமல் தவிக்கும் பிள்ளைகளை நாங்கள்தான் தாலுகா அலுவலகத்துக்கு அழைத்துப்போகிறோம். யாரிடம் சான்றிதழ் இல்லை என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

உயர் நீதிமன்ற வளாகத்தார் எழுதியது:

நியாயம், அம்மா. அப்படியானால் உங்களுக்கு வேண்டியது ‘சான்றிதழ் இருக்கிறதா, இல்லையா’ என்ற ஒரு நெடுவரிசை மட்டுமே. எந்தச் சாதி என்பது சான்றிதழில் இருக்கிறது, சான்றிதழ் பிள்ளையின் வீட்டில் இருக்கிறது.

கொருக்குப்பேட்டை தரவாளர் எழுதியது:

நிரலாளரின் ஆட்சேபத்துக்கு நடைமுறை வழி: போன், முகவரி உள்ள கோப்பை அலுவலகத்தில் இரண்டு பேர் மட்டும் திறக்கலாம். மையங்களுக்கும் நிதி தருபவர்களுக்கும் போகும் கோப்பில் எண், வகுப்பு, மையம் மட்டும். ஒரே ஷீட்டில் நெடுவரிசையை மறைத்துவைப்பது பாதுகாப்பு அல்ல, இரண்டும் தனித்தனிக் கோப்புகளாகவே இருக்க வேண்டும். இதற்கு மேல் தேவை வளர்ந்தால் தொண்டு நிறுவனங்களுக்கான சிவிசிஆர்எம் போன்ற திறந்த மூல மென்பொருளுக்குப் போகலாம். அப்போது நம் நிரலாளர் தம்பியின் உழைப்பு உண்மையாகவே வேண்டியிருக்கும்.

பெரம்பூர் சோதனையாளர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிர்வாகக் குழுவிடம் இந்த இழையை அப்படியே படித்துக் காட்டினேன். செயலி இப்போது இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். டொமைன் மாற்றத்தை வலைவடிவமைப்பாளர் பார்த்துக்கொள்வார். நன்கொடை ரசீது வடிவத்தைக் கணக்கர் அண்ணன் அனுப்பியிருக்கிறார். வானவில் கோப்பின் மாற்றத்தை நிரலாளரும் அவருடைய நண்பர்களும் எடுத்துக்கொண்டார்கள். மாற்றிய பட்டியலை ஒவ்வொரு மையத்திலும் ஆசிரியர் படித்துச் சரிபார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு எண் கொடுக்கப் போகிறோம்.

ஒன்று மட்டும் பாக்கி. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் புதிய வருகை நோட்டு அச்சாக வேண்டும். அதில் என்னென்ன நெடுவரிசை என்று மைய ஆசிரியை சொன்னால் அதையே இறுதியாக வைத்துக்கொள்கிறோம்.

காசிமேடு மைய ஆசிரியை எழுதியது:

முதலில் பிள்ளையின் நிரந்தர எண், பிறகு பெயர், வகுப்பு. அடுத்து 31 நாள் கட்டங்கள். ஒரு மாதம் ஒரே விரிப்பில், பக்கம் திருப்பாமல் தெரிய வேண்டும். கடைசியில் ‘வராத காரணம்’ என்று அகலமான ஒரு கட்டம். பக்கத்தின் அடியில் ‘இந்த மாதம் எங்கள் பகுதியில்’ என்று இரண்டு வரி வெற்றிடம் விடுங்கள். தடைக்காலம், வெள்ளம், திருவிழா, ஆலையில் வாயுக் கசிவு எதுவானாலும் அங்கே எழுதிவிடுவேன், அலுவலகத்தில் எண்ணிக்கையைப் பார்ப்பவர் அதையும் சேர்த்துப் படிக்கட்டும். அட்டை கெட்டியாக இருக்க வேண்டும், மழைக்காலத்தில் எங்கள் கூடம் ஒழுகும். ஆண்டர்சன் தெருவில் காகிதம் வாங்கி அங்கேயே பைண்டிங் செய்தால் விலை குறையும். மாதிரிப் பக்கம் ஒன்றை முதலில் அனுப்புங்கள், மற்ற மூன்று மைய ஆசிரியைகளிடமும் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.